இணைப்பில் நின்ற குழந்தை

இது கட்டுக்கதை இல்லை. நெய்வேலியில் ஸ்டூடியோ வைத்திருந்த சங்கரலிங்கம் தன் வாயால் சொன்னது. பேய் பிசாசு என்றால் வயிறு குலுங்கச் சிரிக்கிற மனிதர் அவர். 1979க்குப் பிறகு அந்தச் சிரிப்பை யாரும் பார்க்கவில்லை. அவர் மனைவி தமயந்தியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஆனால் வீட்டுக்குள் வைத்துச் சொல்ல மாட்டார்.

அந்த வருஷம் பங்குனி மாதம் ராஜாங்கம் என்று ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரர். ஊரை நிலக்கரி மைன்ஸுக்காக எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு பெர்மனன்ட் வேலையும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தன.

"எங்க ஊர படம் புடிக்கணுங்க. துண்டு துண்டா வாணாம். சினிமாஸ்கோப்பு மாதிரி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே படமா வரணும்."

"ஆளில்லாத ஊராச்சே. யாருக்குங்க?"

"வூட்டுல… செல்லக்கிளிக்குங்க."

செல்லக்கிளி அவர் மனைவி. அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஐந்து வயது. போன வருஷம் ஊர் ஏரியில் மூழ்கிச் செத்துப் போயிருந்தது. கரையிலேயே புதைத்தார்கள். குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து செல்லக்கிளி சரியாகச் சோறு தொடவில்லை. 'புள்ளைய அங்க தனியா வுட்டுட்டு வந்துட்டமே' என்ற ஒரே பேச்சுதான்.

"படத்தைப் பாத்தாவது ரெண்டு வாய் துன்னுவாளான்னு பாக்குறேங்க. இல்லன்னா இவளும் போயிடுவா."

சங்கரலிங்கம் மறுநாள் காலையிலேயே கிளம்பினார்.

ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுரங்க வேலைக்காகச் சில மாசம் முன்பே வடித்துவிட்டார்கள். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கூரை பிரித்த வீடுகள். ஒரு நாய்கூட இல்லை. கரையில் நின்றது அவரும் ராஜாங்கமும் மட்டும்தான்.

ஊரை மூன்று படமாக எடுத்து ஒட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. முதல் படம் எடுத்ததும் பெரிய கேமரா சிக்கிக்கொண்டது. நடுப்படத்தைச் சின்ன பிலிம் கேமராவில், அகல லென்ஸ் போட்டு எடுத்தார். அதில் பிலிம் தீர்ந்துவிட்டது. மூன்றாவதைப் பழைய மடிப்புக் கேமராவில் எடுத்தார். மூன்று கேமரா, மூன்று லென்ஸ். ஒரே வீடு ஒன்றில் பெரிதாக விழும், ஒன்றில் சிறிதாக விழும். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரை ஏற்றி இறக்கி ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அது அவருக்குக் கைவந்த வேலை.

மறுநாள் பட்டப்பகலில்தான் டார்க் ரூமுக்குள் நுழைந்தார். சிவப்பு பல்பு. வெளியே ரெண்டு மணி ஷிப்டுக்கான சங்கு ஊதி ஓய்ந்தது.

முதல் பிரிண்ட் மருந்துத் தட்டில் மெல்ல எழும்பி வந்தது. ஏரிக்கரை. புளியமரம். அதன் அடியில்… ஒரு பெண் குழந்தை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இரட்டைச் சடை.

நேற்று இதைப் பார்க்கவில்லையே? பக்கத்து ஊர்ப் பிள்ளை எதுவோ குறுக்கே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது நெகட்டிவை மாட்டினார். அதிலும் ஓரத்தில் அதே புளியமரம். அதே குழந்தை. அகல லென்ஸில் ஓரத்தில் விழுவது எல்லாம் சரிந்துதான் தெரியும். மரம் சரிந்திருந்தது. சுவர் சரிந்திருந்தது.

குழந்தை நேராக நின்றது.

மரத்தை முதல் படத்தின் அளவுக்குக் கொண்டுவர என்லார்ஜரை ஏற்றினார். பலகையில் விழுந்த வெளிச்சத்தில் மரம் பெரிதானது. வீடுகள் பெரிதாயின. குழந்தை மட்டும் அப்படியே இருந்தது.

இறக்கினார். மரம் சிறுத்தது. குழந்தை சிறுக்கவில்லை. இப்போது அது மரத்தின் உயரத்துக்கு நின்றது. நெகட்டிவ் அல்லவா… தலைமயிர் வெள்ளை. கை கால் கறுப்பு.

மூன்றாவது நெகட்டிவை மாட்டினார்.

மூன்றாவது படத்தில் புளியமரம் இல்லை. வேறு மூலை, வேறு லென்ஸ். அதிலும் அது இருந்தது. ஓரத்தில், பனைமரத்தின் பக்கத்தில். இம்முறை பாதி முகம் திரும்பியிருந்தது.

'வெட்டி எறிந்துவிடலாம்.' அப்படித்தான் நினைத்தார். எப்படியும் ஓரங்களை வெட்டித்தானே ஒட்ட வேண்டும்? பிரிண்டுகளை வெயிலில் காயவைத்தார். ஸ்கேல் வைத்து, பிளேடால் அந்த ஓரங்களைக் கிழித்தார். மூன்றிலும் குழந்தை போய்விட்டது. துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எரித்தார். அட்டையில் பசை தடவினார். ஒட்டினார்.

நிமிர்ந்து தள்ளி நின்று பார்த்தார்.

முதல் இணைப்பின் மேலேயே அது நின்றது.

வெட்டுக்கோடு மரத்தில் தெரிந்தது. வானத்தில் தெரிந்தது. அதன் உடம்பில் மட்டும் கோடு இல்லை.

முகம்… முழுதாக அவரைப் பார்த்து இருந்தது.

விரலால் தொட்டார்.

ஈரம்.

அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார். டீக்கடையில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டார். வேறு படம் எடுத்துக் கொடுத்துவிடலாம், இதைக் கொளுத்திவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அந்த ஊர்க்காரர் வந்து கையெடுத்துக் கும்பிட்டாருங்க. படத்தைக் கொடுத்தனுப்பிட்டேன்" என்றார் தமயந்தி.

சைக்கிளை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் பறந்தார். செல்லக்கிளி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் படம். கையில் சோற்றுத் தட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே" என்றாள் சிரித்தபடி. "கூட்டிகினு வந்துட்டீங்களே… எம்மாம் பெரிய உதவி."

ராஜாங்கத்தின் கண்ணில் நீர். சங்கரலிங்கம் அவரை வாசலுக்கு இழுத்து வந்தார்.

"படத்துல உங்களுக்கு என்ன தெரியுது?"

"எங்க ஊருதாங்க. வேறென்ன?"

"படத்தைத் திருப்பிக் குடுத்துருங்க. சரியா வரல."

"ஐயோ, வாணாங்க. எத்தினி நாளைக்கப்புறம் துன்றா…"

உள்ளே செல்லக்கிளி பேசுவது கேட்டது. தாழ்ந்த குரல். இடையிடையே நிறுத்தி… பதிலைக் கேட்பது போல. சங்கரலிங்கத்தால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் செல்லக்கிளியைக் காணோம். தேடியவர்கள் ஏரியில் கண்டெடுத்தார்கள். வெடித்த தரையில் குப்புறக் கிடந்தாள். சேலையும் தலைமயிரும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரில் மூழ்கித்தான் செத்திருக்கிறாள் என்றார் டாக்டர். ஏரியைச் சுற்றி ஒரு குட்டை இல்லை, கிணறு இல்லை.

கருமாதி முடிந்து ராஜாங்கம் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்த படத்தை மேசைமேல் வைத்தார்.

"வச்சுக்குங்க. என்னால பாக்க முடியல."

சங்கரலிங்கம் பிரித்துப் பார்த்தார். இரண்டு இணைப்பும் பளிச்சென்று தெரிந்தன. ஊர் இருந்தது. புளியமரம் இருந்தது. வேறு யாரும் இல்லை.

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார் சங்கரலிங்கம். "உங்க பொண்ணு இந்தப் படத்துல நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்."

ராஜாங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணா?"

"ஆமா. ரெட்டைச் சடை போட்டுகிட்டு…"

ராஜாங்கம் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"செல்லக்கிளி சாவறதுக்கு மொத நாளு, ரெண்டு ரிப்பன் வாங்கியாரச் சொன்னா. எதுக்குடின்னு கேட்டேன். புள்ளைக்குச் சடை பின்னி வுடணும்னா. சித்தங்கலங்கிப் பேசுறான்னு நெனச்சுகினு வாங்கிக் கொடுத்தேங்க…"

நிறுத்தினார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துப் போனது எம் மவன். எங்களுக்குப் பொண்ணே கெடையாதுங்க."