சிவப்பில் நின்ற பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் என்றாலே எனக்குச் சலிப்பு வந்துவிடும். கிராம சுகாதார செவிலியர்களான எங்களைப் பின்வரிசையில் உட்கார வைத்து, வேலை முடியாத பெயர்களைத் திரையில் சிவப்பாகக் காட்டுவார்கள். அன்று ஆராய்ச்சிக்காக வந்திருந்த டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாங்கள் பதிகிற புற்றுநோய்ப் பரிசோதனை விவரங்களையும், பெரிய ஆஸ்பத்திரிகள் வைத்திருக்கும் நோயாளிகளின் விவரங்களையும் நாடு முழுக்க இணைக்கப் போகிறார்களாம். யாருக்கு நோய் எப்போது தெரிந்தது, எங்கே தாமதமானது என்று அதில் தெரியுமாம். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது. ஆனால் அதற்காக வெயிலில் அலைகிறவள் நான்.

சிவப்பில் நின்றவர்களில் ஒருவர் செட்டியார்பட்டி அம்மாள், மில் வேலைக்குப் போகிறவர். அவர் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது நான்தான். அங்கே அவர் போகவே இல்லை. வீட்டுக்கு எப்போது போனாலும் பூட்டுதான். இந்த வாரமும் முடிக்காவிட்டால் வண்டியோடு குழுவே நேரில் வரும் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் கதவு திறந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார்.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்த்திக்கடன், சிஸ்டர். மக கல்யாணம் கூடி வருதுல்லா," என்றார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மருந்து ஏத்துனா முடி கொட்டும்னு மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாக. ஊரு கண்ணுல படுறதுக்கு முன்னால ஆத்தாளுக்குக் குடுத்துட்டேன். அங்க தங்கச்சி வீட்டு அட்ரஸத்தான் குடுத்துருக்கேன். எனக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு மாப்பிள்ளை வீட்டுல நினைப்பாக."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அலுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. மதுரைக் கணக்கில் அவர் மதுரைக்காரர். எங்கள் கணக்கில் சிகிச்சைக்கே போகாதவர். இரண்டையும் எந்த டாக்டர் வந்து இணைக்கப் போகிறார்?

குழு வண்டியோடு வரப்போவதைச் சொன்னேன்.

"வண்டி வந்தா தெருவே கூடிரும். எம்பேரை எடுத்துருங்க சிஸ்டர்."

எடுக்க முடியாது, காரணம் போட்டுத்தான் முடிக்க முடியும் என்று டேப்லெட்டைத் திறந்து காட்டினேன். வேறு இடத்தில் சிகிச்சை என்று போட்டால் வீட்டுக்கு வந்து சரிபார்ப்பார்கள். ஊர் மாறிவிட்டார் என்றால் அந்த ஊர் நர்ஸ் தங்கை வீட்டுக்குப் போவார். மறுத்துவிட்டார் என்றால் புத்தி சொல்ல மாதாமாதம் ஆள் வரும்.

"கடைசியா இருக்கது?"

"இறந்துட்டாகன்னு. அதுக்குப் பொறவு யாரும் வரமாட்டாக."

"அதையே போடுங்க."

என் விரல் போகவில்லை. எதிரே மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரை எப்படி அப்படிப் போடுவது? அவர் என் மடியிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். கடைசி வரியை அவரே அழுத்தினார். உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்பதையும் அழுத்தினார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க சிஸ்டர், ரொம்பக் களைச்சுப்போயி இருக்கீக," என்று சொல்லிக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனார்.