கடைமடைக்காரி

மூலக்குளத்துக்கு மேற்கே குஞ்சம்மாளுக்கு இருந்தது அரைக்காணி நிலம். அதுவும் வாய்க்கால் முடிகிற கடைமடையில். ஊர் விவசாயிகளின் தண்ணீர்ச் சங்கத்து ஊற்றுக்கிணற்றில் கோடையில் தண்ணீர் குறைந்தால் முதல் பாய்ச்சல் கடைமடைக்கு. பிறகுதான் மேலே உள்ளவர்களுக்கு. எந்த மிராசுதாரும் மீறாத முறை அது. புருஷன் போன பிறகு குஞ்சம்மாளை வாழவைத்ததும் அதுதான்.

பிரெஞ்சுக்காரன் கிளம்பிப் போன சில வருஷத்தில், தண்ணீர்ச் சங்கங்கள் நகரசபையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. ஊரார் இன்னும் பிரெஞ்சு வழக்கப்படி மேரி என்றே சொல்லிவந்த நகரசபையிலிருந்து தெய்வசிகாமணி என்ற அதிகாரி வந்தார். கிணற்றடியிலிருந்தே டவுனுக்குக் குழாய் போட வேண்டும் என்றார். கூட்டம் கொதித்தது.

"அங்கியே நீங்க உறிஞ்சிட்டா கடமடைக்கு என்னா வரும்? இந்தப் பொம்பள வயித்துல அடிக்கிறீங்களே!" என்று சங்கத் தலைவர் மாரியப்பன் குஞ்சம்மாளைக் கைகாட்டினார். அவருக்குக் கவலையெல்லாம் தன் கரும்பைப் பற்றி. அது வேறு விஷயம்.

குஞ்சம்மாள் எழுந்தாள். கீரைக்கூடையோடு டவுனுக்குப் போய்வருகிறவள். கடலோரக் குப்பத்துப் பெண்கள் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அலைவதைக் கண்ணால் பார்த்தவள்.

"டவுனு நமக்கும் கீழதான கெடக்குது? இனிமே அதான் கடமடை. மொதப் பாய்ச்சல் அதுக்குப் போவட்டும், நான் அடுத்து வாங்கிக்கிறேன். ஆனா ஐயா, எங்க வயலு காயறப்ப உங்க டவுன்ல பூச்செடிக்கு ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. அதையும் எழுதிக்குங்க."

தெய்வசிகாமணி எழுதிக்கொண்டார். தன் சோற்றுப்பானையைத் தானே தள்ளிவைக்க நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்?

இரண்டாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குழாய்க்குப் போக மிஞ்சிய தண்ணீர் அவள் வயலில் பாதியைக்கூட நனைக்கவில்லை. கதிர் வாங்குகிற நேரத்தில் பயிர் கருகியது.

மாரியப்பன் டவுன் குழாயை மூடுகிற சாவியோடு வந்தார். "மூடிப்புடறேன் குஞ்சம்மா. டவுன்காரன் மட்டும் பேச்சக் காப்பாத்துறானாக்கும்?"

"போயி பாத்துட்டு வரேன்ணே. அவங்க மீறியிருந்தா நானே மூடுறேன்."

கடற்கரைக்குப் போகும் வழியில் பெரிய பூங்கா. புல்லெல்லாம் பழுத்து, பாத்தியெல்லாம் வெடித்துக் கிடந்தது. வெளியே தெருக்குழாயில் குப்பத்துப் பெண்கள் குடம் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர், கேட்காமலே, "தண்ணி ஊத்தக்கூடாதுன்னு உத்தரவும்மா. மேக்கால வயலெல்லாம் காயுதாம்" என்றார். குஞ்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது மாரியப்பன் கிணற்றடியில் காத்திருந்தார்.

"மூடிடட்டுமா?"

"வேணாம்ணே. அங்கியும் நம்ம பயிரு மாதிரியே காஞ்சிதான் கெடக்குது."

மாரியப்பன் சாவியை மடியில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.