டூலிப் கிழங்கும் காடாம்புலியூர்ப் பலாவும்

நெய்வேலி வெயிலை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சித்திரையில் ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வைத்து அதில் டீத்தூளைப் போட்டால் போதும், அடுப்புக்கு வேலையில்லை. அந்த ஊரில்தான் கெஸ்ட் ஹவுஸ் சமையற்காரர் கருணாகரன் குளிர்தேசத்துப் பூவான டூலிப்பை வளர்த்தார். இதை நம்பாதவர்கள் சொம்புக் கதையையும் நம்ப வேண்டாம்.

அவருக்குத் தென்காசிப் பக்கம். மனைவி போனபின் பிழைக்க வந்தவர். பின்கட்டில் ஓர் அறை, ஒரு கட்டில். நாற்பது பேருக்குச் சமைப்பார். தன் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். தபால்காரர் சைக்கிள் அந்த அறைப்பக்கம் திரும்பியதே இல்லை.

1962 பிப்ரவரியில், அங்கே தங்கியிருந்த ஜெர்மன் இன்ஜினியரின் மனைவி எல்சாவின் தொட்டியில் மூன்று சிவப்புப் பூக்கள் பூத்தன. மார்ச்சில் ஊருக்குக் கிளம்பியபோது அந்தத் தொட்டியையும், வளர்க்கும் முறையை எளிய இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளையும் கருணாகரனிடம் கொடுத்தாள். பூ உதிர்ந்ததும் காம்பை மட்டும் நறுக்கு. இலையைத் தொடாதே, கிழங்குக்கு அதுதான் சாப்பாடு, தானாகக் காயட்டும். பிறகு வெங்காயம்போல் இருக்கும் கிழங்கை எடுத்து உலர்ந்த மணலில் வை. அக்டோபர் முதல் மூன்று மாதம் பிரிட்ஜில் வைத்துக் குளிர்காலம் காட்டு, அப்புறம் நடு. கீழே விலாசம். கடைசி வரி: “பூத்ததும் எனக்குக் கடிதம் எழுது.”

கடிதம் எழுத அவருக்கும் ஓர் ஆள்! தாள் சட்டைப்பையிலேயே குடியிருந்தது.

பெருக்க வரும் தனத்துக்கு இதெல்லாம் வேடிக்கை.

“ஏண்ணே, காஞ்ச எலைய வச்சிக்கினு காவல் காக்குறீங்க? ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்.”

“கைய வச்சேன்னா இன்னைக்கு ஒனக்கு மோர்க்குழம்பு கிடையாது.”

“அய்ய! இந்த வெங்காயத்துக்கு நடக்குற உபசாரம் எங்க வூட்டு மாப்பிளைக்குக்கூட நடக்கல.”

வைகாசியில், காடாம்புலியூர் தாய்வீட்டிலிருந்து அவள் ஒரு பலாக்காயைச் சுமந்து வந்தாள். “பத்து நாள்ல பழுத்துடும். தனியாளு, வச்சிக்கினு தின்னுங்கண்ணே.” காய் பழுக்க இடம் கட்டிலடிதான். சாக்கைச் சுற்றி உள்ளே தள்ளினார். பக்கத்தில், எடுத்து மணலில் வைத்த கிழங்குக் கூடை. பழுத்த வாசனைக்குச் சேத்தியாத்தோப்பு ஈக்கள் பஸ் ஏறி வந்தன.

அக்டோபரில் தயிர்ப் பாத்திரத்தை நகர்த்திக் கிழங்குக்கு இடம் கொடுத்தார். மார்கழியில் நட்டார். இலை வந்தது. தை மாதக் கடைசியில் மொட்டும் வந்தது. வந்து, காகிதம்போல் வெளுத்துச் சுருங்கியது. மூன்றும் அப்படியே. இருபது நாள் பார்த்தார். பேனாவில் ஊற்றிய மை காய்ந்தது.

“பூக்கலன்னு எழுதுங்களேன்,” என்றாள் தனம். “அதுவும் சேதிதானே?”

எழுதினார். ஒரு மாதம் கழித்துத் தபால்காரர் சைக்கிள் முதல்முறையாகப் பின்கட்டுக்குத் திரும்பியது. எல்சா எழுதியிருந்தாள்: “பக்கத்தில் பழம் எதுவும் பழுக்கவைத்தாயா? அதன் மூச்சுப் பட்டால் கிழங்குக்குள்ளேயே மொட்டு செத்துவிடும்.”

படித்து மடித்து வைத்தார். தனத்திடம் சொல்லவில்லை.

அடுத்த வைகாசியில் அவள் மறுபடி பலாக்காயோடு வாசலில் நின்றாள். “எங்கண்ணே வைக்க?”

“கட்டிலுக்கு அடியிலதான்.”

“வெங்காயம் எங்க? காணோம்?”

“அது மாத்தலாகிப் போயிருக்கு. புது குவார்ட்டர்ஸ்.”

கூடையை அவர் பம்பு அறைக்குக் கொண்டுபோயிருந்தார். அரை மைல். பகல் சாப்பாடு முடிந்ததும் தினம் நடந்துபோய், மணலை விலக்கிப் பார்த்துவிட்டு வருவார்.

1964 பிப்ரவரியில் மூன்றில் ஒன்று பூத்தது. எலுமிச்சம்பழ அளவுதான், ஆனால் சிவப்பு. விருந்தினர் எல்லோரும் சுரங்கம் பார்க்கப் போயிருந்தார்கள். தனமும் அவரும்தான் பார்த்தார்கள்.

“இதுக்கா இம்மாம் பாடு!” என்றவள் வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தாள்.

அன்றே எழுதினார், நான்கு பக்கம். மார்ச் போயிற்று; ஏப்ரலும் போயிற்று.

“கடுதாசி வந்துச்சாண்ணே?”

“வரும்.”

தபால்காரர் மணியடித்துக்கொண்டு முன்வாசலோடு போய்விடுவார். தொட்டியில் இலை பழுத்துத் தொங்கியது. தனம் அதைச் சுற்றிப் பெருக்கினாள்; கை வைக்கவில்லை.