ஆடியில் மூடாத கடைக்கால்

யுத்தம் முடிந்திருந்த சமயம். செஞ்சியில் என் வீட்டை ஒட்டியிருந்த காலி மனையில் என் தங்கை வீட்டுக்காரர் வீடு கட்டத் தொடங்கினார். என்னுடையது மண்சுவர். அதிலிருந்து ஒரு முழம் தள்ளி மார்பளவு ஆழத்துக்கு அஸ்திவாரக் கடைக்கால் வெட்டினார்கள். அதற்குள் கருங்கல் கட்டு தரைமட்டத்துக்கு எழும்பியது. கல்லுக்கும் பள்ளத்தின் கரைக்கும் நடுவே ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு சந்து. அதில் மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அதன்மேல் மறுபடி மண் கொட்டி இடிக்க வேண்டியதுதான் பாக்கி. மலையடிவாரத்துச் சரளை மண்கூட வண்டி வண்டியாக வந்து குவிந்துவிட்டது.

மறுநாள் ஆடி பிறந்தது.

நாங்கள் வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர் என் தங்கை மாப்பிள்ளை. கடைக்காலுக்கு மாதா கோயில் சாமியாரை அழைத்து வந்து மந்திரிக்க வைத்தார். அந்தச் சாமியாருக்குத் தெரியாமல் கடைத்தெரு ஜோசியரிடம் நாளும் பார்த்திருந்தார். எந்தப் பக்கத்துக் கதவு திறந்தாலும் உள்ளே போய்விடலாம் என்ற ஏற்பாடு.

“ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது மச்சான்” என்றார்.

“ஆரம்பிச்சாச்சே மாப்ள. மூடறதுதானே பாக்கி?”

“மூடறதையும் ஆரம்பிக்கணும் இல்ல?”

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இந்தக் கணக்கெல்லாம் ஆறாம் வகுப்பில் வரும் போலிருக்கிறது.

எனக்கு என் சுவர்தான் கவலை. சந்தில் மழைத்தண்ணீர் நின்றால் கரை ஊறும். கரை சரிந்தால் சுவரும் கூடவே போகும். உள்ளங்கை அகலத்துக்கு மேகம் தெரிந்தாலும் வெளியே ஓடி வந்து சுவரில் காதை வைத்துக் கேட்பேன்.

“இன்னா, செவுத்துக்கு நாடி பாக்கறீங்களா?” என்பாள் என் மனைவி.

கடைசியில் சாமியாரிடமே போய் நின்றேன். ஞானோபதேசப் புத்தகத்தில் ஆடி மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, தாராளமாக மூடலாம் என்றார். மாப்பிள்ளையிடம் வந்து சொன்னேன்.

“சாமியாருக்கு இன்னா, பொண்டாட்டியா புள்ளையா? அந்த வூட்ல குடியிருக்கப் போறது நானு.”

மழை வந்தது. சந்து வாய்க்காலாயிற்று. நான் இறங்கி வாளி வாளியாக இறைத்தேன். இறைப்பதற்கு ஆடியில் தடை கிடையாதாம். ஆனாலும் மாப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

அடுத்த மழைக்கு, பட்டப்பகலில், என் சுவர் அந்தச் சந்துக்குள் தொப்பென்று இறங்கியது. நல்லவேளை, சமையல்கட்டில் யாரும் இல்லை. என் வீட்டு உறியும் அடுப்பும் ஊருக்கே தெரிந்தன.

மாப்பிள்ளை முகம் செத்து ஓடி வந்தார். கொத்தனார் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“பழைய செவுத்து மண்ணு. நல்லா மிதிச்சுப் பதப்பட்டது. ஈரம் வாடுனா சரளையோட கலந்து இடிச்சுடலாம்.”

மாப்பிள்ளையின் முகத்துக்கு உயிர் வந்தது.

“நாம எதையும் ஆரம்பிக்கலியே மச்சான். தானா வுழுந்தது. வுழுந்தத இடிச்சா தோஷமில்ல.”

ஈரம் வாடியதும் திமிசுக் கட்டை வந்தது. ஆடி முடியவில்லை. என் சுவரை அவருடைய கடைக்காலுக்குள் இடித்து இறுக்கினார்கள். வேலை சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

“அப்ப என் செவுரு?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு இல்லாததா மச்சான்? கட்டிக் குடுத்துடறேன்” என்றார். “ஆவணி பொறக்கட்டும்.”