நாலு பை காட்டிய திரை

ஆபீசில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அவசரக்குடுக்கை. அதில் அவளுக்குக் கோபமில்லை, உள்ளூரப் பெருமைதான். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினான்கு வருஷமாக, மற்றவர்கள் நாள் முழுக்க உருட்டுகிற வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் காலாட்டுகிறவளாயிற்றே!

அன்று காலை பதினொன்று ஐந்துக்கு ரத்த வங்கி அக்கா போன் செய்தாள்.

"அம்மாடி, ஓ நெகட்டிவ் ஒரு பை கூட இல்ல. காலாவதியானதை எல்லாம் காலைலயே கழிச்சாச்சு. ஆபரேஷன் தியேட்டர் திரையில நாலு பைன்னு காட்டுது! பதினொன்றரைக்கு ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன்."

"தியேட்டர்ல சொன்னீங்களா?"

"சொன்னேனே! திரையில இருக்கறதுதான் கணக்கு, போன்ல சொன்னா செல்லாதுன்னு சிஸ்டர் வச்சுட்டாங்க."

அந்த விதியை மன்றாடிக் கொண்டுவந்ததே இவள்தான். ஒருமுறை போன் பேச்சில் ரத்தப் பிரிவு மாறிப்போனதிலிருந்து வந்தது அது.

"நீங்க நேர்ல ஓடுங்கக்கா."

"அடுத்த கட்டடம், மூணு மாடி. என் முட்டி தெரியும்ல? சரி, கிளம்பறேன்."

டேட்டாபேஸைத் திறந்தாள். பூஜ்ஜியம். திரையில் நாலு. நடுவில் இருக்கும் மென்பொருள், ஒருமுறை கேட்ட கேள்விக்கு வந்த பதிலை நினைவில் வைத்துக்கொண்டு அதையே ஒப்பிக்கும். இருப்பு மாறினால் பழைய பதிலை மறந்துவிடும். ஆனால் மாற்றம் அதன் வழியாக வந்தால்தான் அதற்குத் தெரியும். அதைத் தாண்டி நேராக டேட்டாபேஸில் கைவைத்தது எந்தப் புண்ணியவான்?

தேடினாள். காலாவதிப் பைகளைக் கழிக்கும் நிரல், போன வாரம் எழுதியது. சட்டென்று முடியட்டும் என்று நேராகவே டேட்டாபேஸைத் திருத்தியிருந்தது. எழுதியவர் இடத்தில் அவள் பெயர்.

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதினொன்று இருபத்தொன்று. எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுத் திரைகளும் கால் மணி நேரம் இருண்டுவிடும். இருப்புக் கணக்கின் நினைவை மட்டும் அழிக்க வேண்டும். ஒரே வரிதான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாம் தடவை திரை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பூஜ்ஜியம் காட்டியது.

உடனே தியேட்டர் சிஸ்டரின் போன். "என்னங்க இது, திடீர்னு சைபர்ங்குது?"

"அதுதான் நிஜம் சிஸ்டர். நாலுன்னு காட்டினதுதான் பொய்."

"ஐயோ! டாக்டர், மயக்க ஊசி போடாதீங்க!"

எழுந்து தியேட்டருக்கு ஓடினாள். வாசலில் ஆபரேஷனுக்கு வந்த பெண்ணின் கணவன் ரத்த வங்கி அக்காவிடம் கத்திக்கொண்டிருந்தான். அக்கா அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தாள்.

"ரெண்டு மாசம் காத்திருந்து வந்தோம். கம்ப்யூட்டர் கோளாறாம், நாளைக்காம்! எந்த வெளங்காதவன் பண்ணின வேலை இது?"

பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான் பண்ணினதுதாங்க," என்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவன் குரல் இறங்கிப்போனது. "அப்ப, பதினொன்றரைக்கே ஆரம்பிச்சிருந்தா..."

"நடுவுல ரத்தம் கேட்டா, குடுக்க ஒரு பை கூட இருந்திருக்காது," என்றாள். அவன் பெஞ்சைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.