மோப்பம் பூட்டிய அலமாரி

அந்தப் பட்டறையில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். படுக்கையும் சாப்பாட்டு மேஜையுமாக வீடுபோல இருக்கும் கேரவன் வண்டிகளின் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. வண்டிக்குள் ஏறியதும் காற்று வரும் ஓட்டை ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து இழுப்பாள். உள்ளே எலி செத்துக் கிடக்கிறதா, கரப்பான் குடியேறியிருக்கிறதா என்று மூக்கே சொல்லிவிடும். அந்த மூக்கு வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புருஷன் சீக்கிரம் வீட்டுக்கு வந்தால் ஏன் என்பாள், தாமதமாக வந்தால் எங்கே என்பாள். "ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்க உன்னை விட்டா ஆள் இல்ல" என்று அவன் அலுத்துக்கொண்டால், எதை மறைக்க இவன் பேச்சை மாற்றுகிறான் என்று யோசிப்பாள்.

அவளோடு வேலை செய்தவள் அவளுடைய நாத்தனார். கட்டினவனை விட்டுப் பிரிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள், உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் அண்ணியோடு பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள். இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மூடிகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, படுக்கைப் பக்கமிருந்து நீளமான பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டுத் தேய்ப்பாள் நாத்தனார். மோப்பம் முன்பக்கம் உட்கார்ந்து, தூசி உறிஞ்சும் மெஷினின் ட்யூபைக் குழாயின் வாயில் செருகி எல்லாவற்றையும் இழுத்துவிடுவாள். வண்டியில் தூங்குகிறவர்கள் அந்தக் காற்றைத்தானே மூச்சாக இழுக்க வேண்டும் என்பதால் மருந்து அடிப்பதில்லை.

அந்த மெஷின் மோப்பத்துக்கு உயிர். ஒருமுறை யாரோ அதை எடுத்து மரத்தூளை உறிஞ்சி மோட்டாரைக் கெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்த கையோடு ட்யூபைச் சுருட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

"மெஷினோட தூசிப் பையைக் கொட்டிட்டு ட்யூபை அலசி வெயில்ல போடட்டுமா அண்ணி?" என்று நாத்தனார் கேட்பாள்.

"மெஷின்ல கை வைக்காத. சாயங்காலம் நானே பாத்துக்கறேன்."

அந்தச் சாயங்காலம் மட்டும் வரவே இல்லை.

ஒரு வயதான தம்பதி, வீட்டை விற்றுவிட்டுக் கேரவனிலேயே வாழ்கிறவர்கள், கரப்பான் தொல்லை தாங்காமல் வண்டியைக் கொண்டுவந்தார்கள். குழாய் முழுக்கக் கூட்டம். இருவருமாகச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் வண்டி திரும்பி வந்தது. முன்பக்கச் சாப்பாட்டு மேஜைமேல் குட்டிக் கரப்பான்கள் விழுகின்றனவாம். மறுபடி சுத்தம் செய்தார்கள். மறுபடியும் வந்து நின்றது.

முதலாளி மோப்பத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலை சரியில்ல. யாருன்னு நீயே சொல்லு. அவங்க இனி இங்க வேண்டாம்."

மோப்பம் முதலில் அந்தத் தம்பதியைச் சந்தேகப்பட்டாள். படுத்துக்கொண்டே பிஸ்கட் தின்கிறவர்களாக இருக்கும். பிறகு சந்தேகம் எதிர்ப் பட்டறைக்காரன்மேல் போயிற்று. கடைசியில் நாத்தனாரிடம் வந்து நின்றது. போன தடவை தேய்க்கும்போது போன் பேசினாளே! கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தும் ஏமாந்துவிட்டோமே!

"அவதான்" என்றாள் முதலாளியிடம்.

அதை நாத்தனாரிடமும் அவளே சொன்னாள். நாத்தனார் ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றி வாளியின்மேல் போட்டுவிட்டு நடந்தாள். தப்பு செய்யாதவள் ஒரு வார்த்தைகூடவா பேசமாட்டாள் என்று மோப்பத்துக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

மறுநாள் தனியாக அந்தத் தம்பதியின் வண்டிக்குள் ஏறினாள். முதல் வேலையாக முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு படுக்கைப் பக்கம் போனாள், நாத்தனாரின் திருட்டு வேலையைக் கையும் களவுமாகப் பிடிக்க. குழாய் பளபளவென்று இருந்தது. மூலை முடுக்கில்கூட ஒரு முட்டைக்கூடு இல்லை. இணைப்புகளில் ஒட்டியிருந்த டேப்கூட ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. மோப்பத்துக்கு எரிச்சலாக வந்தது. கரப்பான்கள் எல்லாம் முன்பக்கம்தான், அவள் உட்காரும் இடத்தில்.

ட்யூபைக் குழாய் வாயில் செருகினாள். மெஷினைப் போடாமல் பிரஷ் எடுக்கப் போய்த் திரும்பினாள். டார்ச் வெளிச்சத்தில், அரிசி அளவு பழுப்புக் குட்டிகள் ட்யூபிலிருந்து இறங்கிக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தன.

மெஷினை வெளியே தூக்கிவந்து தூசிப் பையைத் திறந்தாள். உள்ளே கரப்பான்கள் குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தியே எடுத்திருந்தன. முதல் தடவை இழுத்த முட்டைக்கூடுகள்! தின்னத் தூசி, ஒண்ட இருட்டு, யாரும் வந்து தொந்தரவு செய்யாதபடி வெளியே ஒரு பூட்டு. வேலியே பயிரை மேய்ந்த கதை. மோப்பத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

நேராக முதலாளியிடம் போனாள். "அவ இல்ல. நான்தான்" என்றாள். அவர் மெஷினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போய் அவளைக் கூட்டிட்டு வா" என்றார்.

வீட்டில் நாத்தனார் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தையல் கம்பெனி ஒன்றில் வேலையும் தங்க இடமும் கிடைத்திருக்கிறதாம். மோப்பம் மூச்சு வாங்க நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"தெரியும் அண்ணி. போன தடவை நீங்க பூட்டும்போதே ட்யூபிலருந்து ஒண்ணு எட்டிப் பாத்துச்சு."

"அடிப்பாவி, அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, நீதான் கொண்டுவந்து விட்டியான்னு கேட்டிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல மோப்பம் வாயைத் திறந்தாள். அதைத்தான் கேட்டிருப்பாள். வெட்கமாக இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினாள். "இந்தா, இனி நீயே வச்சுக்கோ. போகாத."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "இதை வாங்கிட்டா, நான் இன்னொரு சாவி செஞ்சுட்டேனான்னு உங்களுக்குத் தூக்கம் வராது. கோபமில்ல அண்ணி. ஆனா தினமும் உங்ககிட்ட நான் நல்லவள்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்க என்னால முடியல."

எவ்வளவு கெஞ்சியும் அவள் நிற்கவில்லை. சரி, பஸ் வரைக்குமாவது தூக்கி வருகிறேன் என்று மோப்பம் அவள் பையை வாங்கிக்கொண்டாள். தெருமுனை தாண்டும்போது பை கனத்தது. நாலு புடவைக்கு எதற்கு இவ்வளவு கனம், என்ன எடுத்துவைத்திருப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது.

தோன்றிவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது. முன்னால் போன நாத்தனார் திரும்பிப் பார்ப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.