இரண்டு பாதமும் நிலத்தில் இல்லாத கணம்

1. பாடத் தெரிவு

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கான பாடங்களைத் தெரிவுசெய்யும் நாள். டிலக்சனா என் மேசைக்கு வந்து படிவத்தை நீட்டினாள். 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்று எழுதியிருந்தது. நான் பேனையை மூடி வைத்தேன்.

வாவிக்கரையில் இருந்த எங்கள் பாடசாலையில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. சிறுவயதில் இதயத்தில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளை. ஆறுதலாக நடக்கலாம், ஓடவே கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். விளையாட்டுப் போட்டி நாட்களில் கொட்டகைக்குள் தனியே இருப்பாள்.

"மனைப்பொருளியல் எடுமன் புள்ள. ஓடேலாத உனக்கு இது என்னத்துக்கு?" என்றேன்.

"பரீட்சையில ஓடச் சொல்ல மாட்டாங்கதானே ரீச்சர். எழுதத்தானே சொல்லுவாங்க?"

பின்னால் நின்ற அவளுடைய அப்பா, வாவியில் மீன்பிடிப்பவர், தயங்கியபடி சொன்னார்: "மூணு நாளா இதையேதான் சொல்றாள் ரீச்சர். மத்தப் புள்ளையள் ஓடக்குள்ள உடம்புக்குள்ள என்ன நடக்குதெண்டு படிக்கோணுமாம்."

அவர் முகத்துக்காகத்தான் கையொப்பமிட்டேன். அப்போது எனக்குச் சேவையில் இருபத்திரண்டு வருடம். பிள்ளைகளை ஓடவைத்துக் கிண்ணம் வாங்கித் தருபவள் என்றுதான் எனக்குப் பெயர். பாடப்புத்தகத்தை மழை நாட்களில் மட்டுமே திறப்பேன்.

2. மணலில் படுத்தது

அடுத்த வருடம் நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றிய பாடம் வந்தது. நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது இரண்டும் நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.

"அதக் கண்ணால பாக்கேலுமா ரீச்சர்?" என்று கேட்டாள் டிலக்சனா. "போனில எடுத்தாத் தெரியும். ஸ்கூலுக்குப் போன் கொண்டுவரேலாதே."

என் கண் எப்போதும் முடிவுக் கோட்டிலும் ஸ்டொப்வொச்சிலும்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை முதற்பாடத்துக்கு எல்லோரையும் கரைக்குக் கூட்டிப்போனேன். வாவி அசைவற்றுக் கிடந்தது. எங்கே நீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாத வெளுப்பு. பிள்ளைகளை வரிசையாக ஓடவிட்டேன். டிலக்சனா கன்னத்தை மணலில் வைத்துப் படுத்தாள்.

"இஞ்ச வந்து பாருங்க ரீச்சர்!"

நானும் பக்கத்தில் படுத்தேன். ஓடும் பாதங்களுக்கும் மணலுக்கும் இடையில் வாவி தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எங்களைக் கடக்கும்போது ஒரு கணம், ஒன்றையும் தொடாமல், அந்த வெளுப்பின்மேல் மிதந்துபோனது. கனவில் ஓடுகிறவர்களைப்போல இருந்தார்கள். இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளை ஓடவிட்டிருப்பேன்! இதை ஒருதரம்கூடக் கண்டதில்லை. எழும்ப மனம் வரவில்லை.

அப்போது டிலக்சனா மெல்லச் சொன்னாள்: "கஜானியப் பாருங்க ரீச்சர். வலது கால வச்ச உடனே எடுக்கிறாள். சுடுமணல்ல வைக்கிற மாதிரி."

கஜானி எங்களுடைய எண்ணூறு மீற்றர் ஓட்டக்காரி. மாகாணப் போட்டிக்குப் பத்து நாட்களே இருந்தன. கூப்பிட்டேன்.

"கால் நோகுதா?"

"இல்ல ரீச்சர்."

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைப் பெருவிரலால் அழுத்தினேன். அவள் கண் நிரம்பிவிட்டது.

3. வெட்டிய பெயர்

எக்ஸ்ரேயில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தது. இப்படியே ஓடியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும் என்றார் வைத்தியர்.

"நாம வெல்லக்கூடிய ஒரே போட்டி அது ரீச்சர்," என்றார் அதிபர். "ஏதும் மருந்தப் போட்டு ஓட்டேலாதா?"

உண்மையைச் சொன்னால், அவர் கேட்பதற்கு முன்பே அந்த எண்ணம் என் மனதிலும் வந்து போயிருந்தது.

"ஏலாது சேர்," என்று சொல்லிப் பட்டியலில் அவள் பெயரை வெட்டினேன்.

அன்று கஜானியிடம், எத்தனை நாளாக நோகிறது என்று கேட்டேன்.

"ஒரு மாசமா ரீச்சர்."

"ஏன் சொல்லல்ல?"

"ஒவ்வொரு நாளும் ஸ்டொப்வொச்சில என்ட நேரத்தப் பாத்துச் சந்தோசப்பட்டீங்க. மறுகா எப்படிச் சொல்லுற?"

அந்த வருடம் கிண்ணம் வரவில்லை. எலும்பு பொருந்திய பின்னும் கஜானிக்குச் சில கிழமைகள் நடை மட்டும்தான் அனுமதி. பின்னேரங்களில் டிலக்சனா அவளுக்குத் துணையாக வந்தாள். இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த கரையில் ஒரே வேகத்தில் நடந்துபோவார்கள். மரத்தடியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பரீட்சையில் டிலக்சனாவுக்கு உடற்கல்வியில் ஏ சித்தி கிடைத்தது. கஜானி மறுபடி ஓடினாள்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். புதிதாக இந்தப் பாடம் படிப்பிக்க வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்வேன். நோகுதா என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்பார்கள். உங்களை அவ்வளவு பிடித்திருப்பதால்தான் அப்படிச் சொல்வார்கள். கேட்பதோடு விடாதீர்கள். குனிந்து பாதத்தைப் பாருங்கள்.